மூழ்கும் கம்பெனியில் மூன்று பேர்

பாடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி என் சொந்த அனுபவம் ஒன்று.

மூன்றாம் ஆண்டில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். உட்லண்ட்ஸிலிருந்து கால்டிகாட் போய், ரயில் மாறி ஒன்-நார்த் போகணும். பத்துப் பேர் வேலை பார்த்த சின்ன ஸ்டார்ட்-அப். கையிருப்புக் கரையக் கரைய பாஸின் கோபம் ஏறியது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வரும். காலையில் எல்லார் முன்னாடியும் திட்டு விழும்.

ஒருநாள், நாங்கள் சோதனைக்காக உருவாக்கிய கணக்குகளையும் வாடிக்கையாளர் எண்ணிக்கையில் சேர்த்து, முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடில் போடச் சொன்னார். தப்புன்னு தெரியும். ஆனால் என் மதிப்பீடு அவர் கையில். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் ராமாயணத்து இலங்கை எனக்குப் புரிந்தது. அங்கேயும் தலைவன் யார் சொல்லையும் கேட்கவில்லை. அவனிடம் மூன்று பேர் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள்.

மாரீசன்: வேண்டாம் என்று ராவணனுக்கு முதலில் புத்தி சொன்னவன். மிரட்டியதும் பொன்மானாக மாறினான். பயத்தில் செய்தாலும் செய்தது செய்ததுதான். அன்று நான் மாரீசன்.

கும்பகர்ணன்: தவறு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான், ஆனாலும் செஞ்சோற்றுக் கடனுக்காகப் போரில் உயிரைக் கொடுத்தான். எங்கள் சீனியர் அண்ணா ஒருவர் இப்படித்தான். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. "கஷ்ட காலத்துல விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்பார். அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடனை அவர் வீடும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

விபீஷணன்: எடுத்துச் சொன்னான், அவமானப்பட்டான், பிறகு வெளியேறினான். சொல்லாமல் ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வது வேலை செய்கிறவனுக்கு. சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு அது சாக்கு ஆகாது. சிங்கப்பூர்ச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்கள், நிர்வாகிகளுக்கும் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். சம்பளம் வராவிட்டால் டிஏடிஎம் அமைப்பில் புகார் செய்யலாம். முதலில் சமரசப் பேச்சு, முடியாவிட்டால் நடுவர் மன்றம். வேலையை விட்டிருந்தால் 6 மாதங்களுக்குள் போகவேண்டும். அதே 2019இல் ஆனஸ்ட்பீ நிறுவனம் தடுமாறியபோது ஊழியர் சம்பளம் தாமதமானது நினைவிருக்கலாம். பேர் பெற்ற கம்பெனிக்கும் இந்த நிலை வரும். அதனால் சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை பாஸிடம் போய், "அந்த எண்ணிக்கை தப்பு சார், சரியானதை அனுப்பியிருக்கேன்" என்றேன். கத்தினார். மிச்ச நாட்கள் என்னிடம் சரியாகப் பேசவேயில்லை. மதிப்பீடும் சுமாராகத்தான் வந்தது. அண்ணா கடைசியில் புகார் கொடுத்தார். பாக்கி தவணையாக வந்தது.

கலந்துரையாட:

1. கடைசியாக எப்போது நீங்கள் மாரீசனாக நடந்தீர்கள்? எதற்குப் பயந்தீர்கள்?

2. விசுவாசம் எந்த இடத்தில் தவறுக்குத் துணைபோவதாக மாறுகிறது?

3. வெளியேறும் முன் யாரிடம், எத்தனை முறை சொல்லிப் பார்க்கவேண்டும்?