சதவீதக் கணக்கும் அம்மாவின் கோழிகளும்

காசிமேட்டில் அம்மா பத்து முட்டைக்கோழி வளர்க்கிறார். அந்தக் காசில்தான் என் நோட்டு, டிராயிங் ஷீட் எல்லாம். போன வருஷம் கடைத் தீவனம் கட்டுபடியாகாமல், கண்ணளவில் கருவாட்டை இடித்துக் கலந்தோம். கோழிகள் ஓயாமல் தண்ணீர் குடித்துக் கழிந்தன, மூன்று செத்தன. காரணம் உப்பு. தீவனத்தில் அது அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம்தான் நம்ம சதவீதக் கணக்கைக் கையில் எடுத்தேன். முட்டைக்கோழிக்குப் புரதம் 16 முதல் 18 சதவீதம் வேண்டும். 10 கிலோ தீவனத்துக்கு:

மக்காச்சோளம் 5 கிலோ – புரதம் 450 கிராம்
அரிசித் தவிடு 1½ கிலோ – 180
கடலைப் புண்ணாக்கு 2 கிலோ – 800
உப்பிடாமல் காயவைத்த பொடிமீன் ½ கிலோ – 250
கிளிஞ்சல் தூள் 1 கிலோ – புரதம் இல்லை. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து

ஆக 1,680 கிராம்; அதாவது 16.8 சதவீதம். கோழிக்கான வைட்டமின் கலவையைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் சேர்க்கவும்.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் அந்த நஞ்சால் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன.

இப்போது தராசு அம்மா கையில், கணக்கு என் கையில். “படிப்பு கோழிக்கும் ஆவுதேடா!” என்கிறார் கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா.