சரக்கு இல்லாத கிரயம்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் என் கடைக்கு வந்தார். கையில் ஓர் உறை. "மாமா, மதரஸாவுக்கு மின்விசிறி வேண்டும் என்று சொன்னீர்களே, இதில் 300 வெள்ளி இருக்கிறது. சந்தாப் புத்தகத்தில் என் பேர் வேண்டாம்" என்றார். சந்தோஷமாய் வாங்கிக்கொண்டு, "வேலை கிடைத்துவிட்டதாப்பா?" என்று கேட்டேன். வேலை இல்லையென்றும், கைபேசியில் பங்குக் குறியீட்டு முன்பேரம் செய்வதாகவும், ஒரே காலையில் 1,000 வெள்ளி வந்ததாகவும் சொல்லி, "இது கூடுமா மாமா?" என்று அவரே கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் ஆலிம் அல்லன். தராசு பிடித்துப் பிழைப்பவன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்து அறிந்ததை மற்றவர்களுக்கும் பயன்படும் என்றே இங்கு எழுதுகிறேன்.

கோலாலம்பூர் பங்குச் சந்தையில் 30 பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளைக் கொண்டு ஓர் எண் கணக்கிடப்படுகிறது. அதுவே குறியீடு. இந்த எண்ணின் மேல் முன்பேரம் செய்யும் முறை நம் நாட்டில் 1995 டிசம்பரில் தொடங்கியது. இன்றைய கணக்கில் ஒரு புள்ளிக்கு 50 வெள்ளி. எண் 1,600 என்று இருந்தால் ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பு 80,000 வெள்ளி. ஆனால் கையில் அவ்வளவு வேண்டியதில்லை. சில ஆயிரம் முன்பணம் கட்டினால் போதும். எண் 20 புள்ளி ஏறினால் வாங்கியவனுக்கு 1,000 வெள்ளி லாபம், இறங்கினால் அதே 1,000 நஷ்டம். வாங்கியவன் வீட்டுக்கு ஒரு பங்கும் வராது. விற்றவன் கையிலும் ஒரு பங்கும் இருந்ததில்லை. முடிவில் வித்தியாசத்தை மட்டும் பணமாகத் தீர்த்துக்கொள்வார்கள். ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதே. இடையில் தரகுக்காரர் இரு பக்கமும் கூலி எடுத்துக்கொள்கிறார். எந்நாளும் நஷ்டமில்லாதவர் அவர் ஒருவரே!

இந்த எண்ணை நாள்தோறும் ஆட்டி வைப்பது பெரும்பாலும் செய்திதான். 2018 மே 9ஆம் தேதித் தேர்தல் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 61 ஆண்டு ஆண்ட கூட்டணி தோற்றது. சந்தை மூடியிருந்து 14ஆம் தேதி திங்களன்று திறந்தபோது குறியீடு ஏறத்தாழ 50 புள்ளி விழுந்தது. "இனி விழும்" என்று எண்ணி அந்த நேரத்தில் அவசரமாய் விற்றவன் கதி என்ன? மாலைக்குள் எண் முழுவதும் மீண்டு, தேர்தலுக்கு முந்திய நிலையைவிடச் சற்று மேலேயே முடிந்தது. குறியீட்டோடு ஒப்பந்தமும் அப்படியே அசைந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரே பகலில் ஓர் ஒப்பந்தத்துக்கு 2,500 வெள்ளி போயிற்று. செய்தி உண்மைதான், அதன் பலனைக் கணித்ததுதான் தப்பு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரி விதித்தபோது, 7ஆம் தேதி ஒரே நாளில் நம் குறியீடு ஏறத்தாழ 4 விழுக்காடு வீழ்ந்தது. அந்த வரியில் பெரும்பகுதியை நிறுத்தி வைத்த அறிவிப்பு நம் நேரத்துக்கு 10ஆம் தேதி நள்ளிரவு கடந்து வந்தது. காம்பாரில் யார் விழித்திருந்தார்கள்?

தூரத்துச் செய்தி என்ன செய்யும் என்பது நம் ஊருக்குப் புதிதன்று. 1985 அக்டோபர் 24ஆம் தேதி, விலையைத் தாங்கிப் பிடித்து வந்த சர்வதேச ஈயக் கவுன்சிலிடம் பணம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வர, லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஈய லம்பங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்த முதலாளிகளிடம் மண்ணும் ஈயமுமாவது இருந்தன.

இனி ஷரீஅத்துக்கு வருவோம். தன்னிடம் இல்லாததை விற்கவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களிடம் சொன்னது மதரஸாவில் ஓதியவர் அறிந்ததே. இதற்கு விலக்காக ஸலம் என்னும் கிரயம் உண்டு. மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் அது அனுமதிக்கப்பட்டது. அங்கே விலை முழுவதும் முதலிலேயே கொடுபடும். பழமும் பின்னர் வந்து சேரும். குறியீட்டில் இரண்டும் இல்லை.

என் மனத்தில் அதிகம் தைத்தது வேறொன்று. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் கூட்டத்தாரை, அவர்கள் சந்தை நிலவரம் அறியுமுன்னே வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவன் சந்தைக்கு வந்து விலை அறிந்தால் கிரயத்தை முறிக்கவும் உரிமை உண்டு. ஏன்? ஒருவனுக்குச் செய்தி தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. இன்றைய சந்தையில் பெரிய ஸ்தாபனங்களின் இயந்திரங்கள் செய்தியைக் கண்ணிமைக்குமுன் படித்து விலையை மாற்றிவிடுகின்றன. கைபேசியைப் பிடித்திருக்கும் நம் பிள்ளை, தன்னை வழியில் காத்திருப்பவன் என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன்தான் விலை அறியாமல் ஒட்டகத்தோடு வருகிறவன்; முறிக்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. பாவி கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் கட்டளை இருக்கிறது. விசாரித்துக்கொண்டிருந்தால் இந்த வியாபாரமே நடவாது.

1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை, குறியீட்டை விற்பதும் வாங்குவதும் கூடாது, அது சூதாட்டமே என்று தீர்மானித்தது. நம் நாட்டு செக்யூரிட்டீஸ் கமிஷனின் ஷரீஅத் ஆலோசனைச் சபையோ சற்றுத் தளர்த்தியிருக்கிறது: கச்சாப் பாமாயில் முன்பேரத்தை அனுமதித்தது, குறியீட்டு முன்பேரத்தைப் பொறுத்தவரை, அதில் அடங்கிய பங்குகள் ஷரீஅத்துக்கு இசைந்தவையாய் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. மேற்படி 30 கம்பெனிகளில் வட்டி பாங்குகள் உள்ளன. சூதாட்ட விடுதிக் கம்பெனியும் பல ஆண்டுகள் இருந்தது. ஆகவே இரு வழியில் பார்த்தாலும் நம் இளைஞருக்கு இடமில்லை. எண்ணெய் ஆலைக்காரர் தம் சரக்குக்கு விலைப் பாதுகாப்புத் தேடுவது வேறு விஷயம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது தலை குனிந்து கேட்டிருந்தார். "முன்பணம் எங்கிருந்து கட்டினாய்?" என்றேன். வெகுநேரம் சென்று, "உம்மா ஹஜ்ஜுக்காகச் சேர்த்தது மாமா. அவர்களுக்குத் தெரியாது" என்றார். அன்று மாலையே இருவரும் இமாம் அவர்களிடம் போனோம். உம்மாவின் தொகையை முதலில் எடுத்து அவர்கள் கணக்கில் சேர்க்கவும், நடந்ததை அவர்களிடம் சொல்லவும், மேல்வந்த பணத்தை நன்மை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடவும் இமாம் சொன்னார்கள். தொகை குறையாமல் திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். உம்மாவிடம் சொல்லும்போது நானும் கூட இருக்கவேண்டும் என்று கேட்டார்; போனேன். அந்த அம்மாள் அழுதார்கள், பிறகு எங்கள் இருவருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

உறையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மதரஸா மின்விசிறிக்கு இன்னும் 300 வெள்ளி குறைகிறது. கொடுக்க விரும்புவோர் என் கடையிலோ செயலாளரிடமோ கட்டி ரசீது பெற்றுக்கொள்ளலாம்.