இருப்பவர்கள் எல்லோரும் ஒட்டியிருப்பவர்கள் இல்லை

அன்புள்ள கயல்,

டீம் லீட் ஆன ஆறு மாதத்துக்குள் மூன்று பேர் பேப்பர் போட்டுவிட்டதாகப் போனில் வருத்தப்பட்டாய். "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கம்பெனி மேல ஒட்டுதலே இல்ல பெரியப்பா" என்றாய். அவர்களைக் குறை சொல்லுமுன், அவர்களுக்கு நீ பிரித்துக் கொடுத்த வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தாயா?

நான் ஒரு வங்கி ப்ராஜெக்டில் இருந்தபோது என் டீமில் ஒரு பெண். இரண்டு வருடமாக டிக்கெட் மூடுவது மட்டும்தான் அவள் வேலை. யாரோ எழுதிய கோடில் நாலு வரி திருத்துவாள். அது எங்கே போய் என்ன ஆகிறது என்று தெரியாது. அவளும் ஒருநாள் பேப்பர் போட வந்து நின்றாள். சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் எனக்கில்லை. அதனால் ப்ராஜெக்டின் பென்ஷன் பகுதி முழுவதையும் அவளிடமே விட்டேன். வங்கிக்காரர்களிடம் பேசுவதிலிருந்து ரிலீஸ் வரை அவள் பொறுப்பு. ரிலீஸ் முடிந்ததும் ஒரு கிளைக்கு அழைத்துப் போனேன். கவுன்டரில் ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டினார். பிரின்டர் கரகரத்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவள் அங்கிருந்து நகரவே இல்லை. அதன்பின் ஐந்து வருடம் எங்களோடு இருந்தாள்.

வேலையில் மனம் ஒட்ட என்னென்ன வேண்டும் என்று ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களிலேயே எழுதிவிட்டார்கள். பல திறமைகளுக்கு இடம், முதலிலிருந்து முடிவு வரை தன் கையில் ஒரு வேலை, அது யாருக்கோ உதவுகிறது என்ற தெளிவு, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை, செய்தது சரியா என்று வேலையிலேயே தெரிவது. இந்த ஐந்தில் உன் டீமுக்கு எத்தனை கிடைக்கிறது?

வேலையைக் கூட்டுவது வேறு, வேலைக்குக் கனம் சேர்ப்பது வேறு. அதே டெட்லைனில் இன்னும் இரண்டு மாட்யூலைத் தலையில் கட்டிவிட்டு, பொறுப்புக் கொடுத்தேன் என்று சொல்லாதே. சம்பளம் குறைவாக இருந்தால் அதற்கும் மேலே போய்ப் போராடு. நல்ல வேலை அதற்கு ஈடாகாது.

போகாமல் இருப்பவர்களைப் பார்த்தும் நிம்மதி அடையாதே. வீட்டுக் கடனுக்காக, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பாண்டுக்காக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் உடம்பு மட்டும்தான் நாற்காலியில் இருக்கும்.

திங்கட்கிழமை மீதி ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "உன் கையில் முழுசா எதைக் கொடுக்கட்டும்?" என்று கேள். சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா