கள்ளுண்ணாமை: குறளும் திருமறையும்

மதுவை விலக்குவதில் திருக்குறளும் திருக்குர்ஆனும் ஒருமுகமாக நிற்கின்றன. விலக்கச் செய்யும் முறையே ஈண்டு ஆராயத்தக்கது.

'கள்ளுண்ணாமை' என்னும் 93ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் தண்டனை எதனையும் விதித்தாரல்லர். ஈன்றவள் முகத்தெதிரே களித்து நிற்கும் இழிவையும், மறைந்து உண்பவனை ஊரார் நகும் நகைப்பையும் காட்டி நாணத்தைத் தூண்டுகின்றார்.

திருமறையோ படிப்படியாக விலக்குகின்றது. மதுவில் பயனினும் கேடே பெரிது என முதலில் உணர்த்துகின்றது (2:219). போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது எனப் பின்னர்க் கட்டளையிடுகின்றது (4:43). முடிவில் முற்றிலும் தடுக்கின்றது (5:90). உள்ளம் பக்குவமுற்ற பின்னரே முழுத்தடை வந்தது.

குடித்தவர்க்குத் தண்டனை உண்டென்பது நபிமொழிகளால் அறியப்படும். எனினும் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அதனைத் தடுத்து, அவர் இறைவனையும் இறைத்தூதரையும் நேசிப்பவர் என்றுரைத்த செய்தி புகாரியில் உள்ளது. பிறர் குறையைத் துருவலாகாது என்பதும் இறையாணையே (49:12). சுவரேறிக் குற்றங்கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், துருவியமை, வாயில்வழி வாராமை, இசைவு பெறாமை என மூன்று பிழைகளை அவ்வீட்டார் எடுத்துக்காட்ட, கலீஃபா அவரை மன்னித்தார் என்பர்.

சேலத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் பின்னாளில் நீங்கியது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. சட்டம் வரும், போகும். ஆதலின், குடிப்பவனை வேவுபார்த்து ஒதுக்கும் ஜமாஅத்தினும், அவன் நாணித் திருந்துமாறு அரவணைக்கும் ஜமாஅத்தே குறளுக்கும் மறைக்கும் அணுக்கமானது.