பாதையின் ஹக்கு

மனிதனுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? பிறப்போடு இயற்கையாகவே வருகிறது என்றார் ஆங்கில அறிஞர் லாக். சட்டம் தராத உரிமை வெறும் பிதற்றல் என்று நகைத்தார் பெந்தாம். நம் ஷரீஅத்தில் அதன் பெயர் ஹக்கு. அதை வழங்கியவன் அல்லாஹ். ஆகவே அரசனும் அதைப் பறிக்க முடியாது, ஊர்ப் பெரும்பான்மையும் பறிக்க முடியாது. தீன், உயிர், அறிவு, வம்சம், பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்தார்கள்.

ஏட்டில் இது இனிக்கும். தெருவில்தான் சோதனை.

பெரம்பலூர் மாவட்டத்து வ.களத்தூரில் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழ்கிறார்கள். அங்கே கோயில் ஊர்வலங்கள் செல்லும் தெருக்கள் குறித்து 2012 முதல் ஆட்சேபம் எழுந்து, விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் ஏறியது. 2021-ல் நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் தீர்ப்பளித்தனர். ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காகப் பிறர் ஊர்வலத்தைத் தடுக்கலாமென்றால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எதுவும் நடத்த முடியாது என்றனர். சகிப்பின்மை என்று அதில் வரும் சொல் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் வாதம் யாருக்குக் காவல்? நமக்கன்றோ!

இந்த உரிமை முன்பு நிலைபெற்றதும் ஒரு முஸ்லிம் வழக்கில்தான். அவுரங்காபாத்தில் ஷியாக்களின் முஹர்ரம் ஊர்வலம் பள்ளிவாசல் அருகே மாத்தம் செய்வதைச் சுன்னிகள் ஆட்சேபித்தார்கள். பொதுவழியில் சமய ஊர்வலம் செல்ல உரிமை உண்டு, அதிகாரிகள் ஒழுங்குபடுத்தலாம், பிறர் போக்குவரத்தும் தடைபடலாகாது என்று 1924-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. நம் மீலாது ஊர்வலங்கள் செல்வதும் இதே உரிமையில்தான்.

வழிவிட்டால் ஈமானுக்குப் பங்கமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். வழிவிடுவது வேறு, வழிபாட்டில் கலப்பது வேறு. அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்பதைக் காஃபிரூன் சூரா தெளிவாக்கிவிட்டது. நமக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைக்கும்படி நிஸா சூராவின் 135-ஆம் ஆயத்து பணிக்கிறது. தொழுகை நேரத்தில் மேளம் இடையூறானால், ஜமாஅத்தார் முன்கூட்டியே விழாக்குழுவினரிடம் பேசி நேரத்தை ஒழுங்கு செய்துகொள்ளலாம். அது நம் ஹக்கு. தெருவையே மூடுவது நம் ஹக்கில் இல்லை.

பாதையோரம் அமர்வோர் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த ஹக்கு என்னவென்று ஸஹாபாக்கள் வினவியபோது, பார்வையைத் தாழ்த்துதல், ஸலாமுக்குப் பதில் கூறுதல் இவற்றோடு பிறருக்குத் துன்பம் தராதிருத்தலையும் எண்ணிச் சொன்னார்கள். ஜும்ஆவுக்கு வந்து, வண்டியைக் குறுக்கே நிறுத்தித் தெருவை அடைத்துவிட்டு முதல் ஸஃப்பில் போய் அமர்பவரும் இந்தக் கணக்கில் வருகிறார்.