வாடாத செண்டுமல்லி: கொலுவுக்குக் காகிதப் பூவும் ரிப்பன் பூவும் செய்ய முழுமையான வழிகாட்டி

கொலு ஒன்பது நாள் நிற்கும். நிலைவாசலில் கட்டிய செண்டுமல்லிச் சரமோ மூன்றாம் நாளே கறுக்கத் தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் பூ விலையும் இறங்காது. ஆயுதபூஜை நெருங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் சாமிக்கு நிஜப் பூ, அலங்காரத்துக்குக் கையால் செய்த பூ என்று பிரித்துக்கொள்வது நல்லது. கலசத்துக்கும் அர்ச்சனைக்கும் காகிதப் பூ ஆகாது. தோரணம், படியின் ஓரம், பின்திரை ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். வாடாத பூ நமக்குப் புதிதும் அல்ல. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும் இந்த இனம்தான்.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. ஆவணிக் கடைசியில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் அவசரம் இருக்காது. இங்கே நான்கே பூக்களைச் சொல்லித் தருகிறேன்: செண்டுமல்லி, தாமரை, நந்தியாவட்டை, ரோஜா. பத்து வகையில் இரண்டிரண்டு செய்தால் கைவினைக் கண்காட்சி மேசை போலத்தான் இருக்கும். ஒரே வகையில் இருபது செய்தால்தான் வீடு நிறையும்.

கடைக்குப் போகும்முன்

கிரேப் தாளில் இரண்டு ரகம் உண்டு. பள்ளி விழாக்களில் தோரணம் கட்டுகிற மெல்லிய ரகம் செண்டுமல்லிக்குப் போதும். தாமரைக்குத் தடித்த ரகம் வேண்டும். 180 ஜிஎஸ்எம் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மெல்லிய தாளில் செய்த தாமரை ஒரே நாளில் தலை சாய்ந்துவிடும். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற ஊர்களில் பெரிய ஸ்டேஷனரி கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ கிடைக்கும்.

ஓர் அங்குல அகலச் சாட்டின் ரிப்பன் வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. ஃபெவிகால், ஊசி, கெட்டி நூல், மெழுகுவத்தி. காம்புக்குக் கம்பி வாங்க வேண்டியதில்லை. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியே போதும். கத்தரிக்கோல் மட்டும் இரண்டு வேண்டும். காகிதம் வெட்டி மழுங்கிய கத்தரி ரிப்பனை மென்று துப்பும்.

மைதாப் பசை வேண்டாம். செலவில்லைதான், ஆனால் பூக்களைப் பெட்டியில் எடுத்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு ஓராண்டுச் சாப்பாடு அது.

முதலில் தாளின் வரியைப் பாருங்கள்

பூ செய்யும் முன் ஒரு துண்டைக் கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள். கிரேப் தாளில் நெருக்கமாகச் சுருக்க வரிகள் ஓடும். வரி ஓடும் திசையில் இழுத்தால் தாள் அசையாது. அதற்குக் குறுக்கே இழுத்தால் நீளும். ஒவ்வோர் இதழிலும் வரி நுனியிலிருந்து அடிக்கு, நெட்டுக்குத்தாக ஓட வேண்டும். அப்போதுதான் இதழ் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் இழுத்துக் குழியாக்கவும் முடியும். வரி மாறினால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் இதழ் தொங்கிப்போகும். தொடக்கத்தில் வரும் தோல்விகளில் பெரும்பாலானவை இதனால்தான்.

செண்டுமல்லி

மடித்த தாளைப் பிரிக்காமல், வரிகளுக்குக் குறுக்கே 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பிரித்தால் நீண்ட பட்டை கிடைக்கும். அதை 60 செ.மீ. துண்டுகளாக்குங்கள். ஒரு துண்டு, ஒரு பூ.

பட்டையின் மேல் விளிம்பை இரு கைகளின் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்களால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தபடி மெல்ல இழுங்கள். விளிம்பு அலை அலையாகச் சுருளும். செண்டுமல்லியின் களையே இந்தச் சுருளில்தான் இருக்கிறது. அவசரக்காரர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

இனி மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, அரை செ.மீ. இடைவெளியில், 2.5 செ.மீ. ஆழத்துக்கு வெட்டிக்கொண்டே போங்கள். அடியில் 1.5 செ.மீ. வெட்டாமல் இருக்கட்டும். பட்டையை நாலாக மடித்து வெட்டினால் நேரம் மிச்சம்.

முதல் நாலைந்து சுற்றை இறுக்கமாகவும் பிறகு சற்றுத் தளர்வாகவும் சுருட்டுங்கள். அடி விளிம்பு ஒரே மட்டமாக இருக்கட்டும். மேலே ஏறி இறங்கினால் பரவாயில்லை. அடியை நூலால் இறுகக் கட்டி, ஒரு சொட்டு ஃபெவிகால் விடுங்கள். காய்ந்த பிறகு வெளிச்சுற்று இதழ்களை நன்றாக மடக்கி, உள்ளே போகப் போகக் குறைவாக விரித்துவிடுங்கள். நடுவை அப்படியே விடலாம். சுமார் 5 செ.மீ. அகலப் பூ தயார்.

ஒரு பூவில் மஞ்சளையும் ஆரஞ்சையும் கலக்காதீர்கள். பூவுக்கு ஒரு நிறம், சரத்தில் மாறி மாறி. மூன்றடி வாசலுக்கு நெருக்கமாகக் கோத்தால் இருபது பூ வேண்டும். பூக்களுக்கிடையே இரண்டு விரல்கடை விட்டு மாவிலை கோத்தால் பத்துப் பன்னிரண்டிலேயே முடிந்துவிடும். மாவிலை நிஜமாகவே இருக்கட்டும். காய்ந்தாலும் அது சரத்திலேயே நிற்கும்.

தாமரை

படியில் மகாலட்சுமி இருந்தால் பக்கத்தில் ஒரு தாமரையாவது வேண்டும். பொகுட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய பாட்டில் மூடியை இளம்பச்சைத் தாளால் இழுத்துச் சுற்றி ஒட்டி, மேலே பேனாவால் ஏழெட்டுப் புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி மஞ்சள் தாளைச் செண்டுமல்லிக்கு வெட்டியது போலவே, இன்னும் மெல்லியதாக வெட்டி ஒட்டினால் கேசரம்.

இதழ்கள் மூன்று அளவு: 7 செ.மீ. உயரத்தில் ஆறு, 8 செ.மீ.யில் எட்டு, 9 செ.மீ.யில் எட்டு. அடி குறுகி, நடு அகன்று, நுனி கூராக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரு கட்டைவிரல்களையும் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் இதழ் குழிந்துவிடும். நுனியை மட்டும் ஒருமுறை கிள்ளிவிடுங்கள்.

சிறியவை முதலில், பெரியவை கடைசியில். ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசை வர வேண்டும். உள்வரிசை நிமிர்ந்து, வெளிவரிசை சாய்ந்து. ஒவ்வொரு வரிசையும் காயும் வரை பொறுங்கள். ஈரப் பசைமேல் அடுத்த வரிசையை ஒட்டினால் மொத்தமும் வழுக்கும்.

வெள்ளைத் தாமரையின் நுனியில் செம்மை வேண்டுமா? ரோஸ் நிறக் கிரேப் துண்டை லேசாக நனைத்து, ஒட்டும் முன்பே நுனியில் தடவுங்கள். சாயம் தானே இறங்கும். இதே குணம்தான் ஆபத்தும். புரட்டாசி ஈரத்தில் கொலுப்படியின் வெள்ளை வேட்டியில் பூவின் சாயம் ஒட்டலாம். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் வட்டமாக வெட்டிய ஓஹெச்பி ஷீட் ஒன்றை வைத்துவிடுங்கள்.

நந்தியாவட்டை

வெள்ளை ரிப்பன் 21 செ.மீ. வெட்டி, ஓரங்களை மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில் ஒரு நொடி காட்டுங்கள். சுடரின் மேலே பிடித்தால் கரி படியும். பாலியெஸ்டர் ரிப்பன் உருகி ஓரம் அடைபடும். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும். முதலில் துண்டு ஒன்றில் சோதித்துக்கொள்ளுங்கள். காகிதக் குப்பை கிடக்கும் மேசையில் இதைச் செய்யவே கூடாது.

4 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து பங்கு குறித்து, கடைசி 1 செ.மீ.யைத் தையலுக்கு விடுங்கள். ஒவ்வொரு பங்கிலும் அரைவட்டமாக, மேலிருந்து இறங்கிக் கீழ் விளிம்போடு ஓடி மறுபடி ஏறும்படி, ஓட்டுத்தையல் போட வேண்டும். நூலை இழுத்தால் ஐந்து இதழும் ஒன்றாகக் குவியும். முனைகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் ஒரு சின்ன மஞ்சள் மணி.

ரோஜா

சிவப்பு ரிப்பன் 60 செ.மீ. ஒரு முனையைச் சாய்வாகக் கீழே மடக்கி, அந்த வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று சுருட்டினால் மொட்டு. பிறகு ரிப்பனை வெளிப்புறமாக மடக்கி, அந்த மடிப்பின்மேல் மொட்டை அரைச் சுற்றுத் திருப்புங்கள். மறுபடி மடக்கு, மறுபடி திருப்பு. ஓரிரு சுற்றுக்கு ஒரு தையல் அடியில் விழுந்தால் கழன்றுபோகாது. முதல் பூ முட்டைக்கோஸ் மாதிரி வரும். ரிப்பனைப் பிரித்து மறுபடி சுருட்டலாம், நஷ்டமில்லை.

படியில் வைக்கும்போது

குத்துவிளக்கு, அகல், கற்பூரத் தட்டு இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளியே காகிதப் பூ இருக்கட்டும். மின்விசிறிக் காற்றில் சரம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். சீரியல் விளக்கு என்றால் எல்இடி மட்டும். பழைய குண்டு பல்ப் சூடேறும். வெயில் விழும் சன்னலோரத்தில் கிரேப் நிறம் சீக்கிரம் வெளுக்கும். அங்கே ரிப்பன் பூக்களைத் தொங்கவிடுங்கள்.

எடுத்து வைக்க

விஜயதசமிக்குப் பிறகு தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஷூ அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக அடுக்குங்கள். காய்ந்த வேப்பிலையோ, புதுச் செருப்போடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமோ உள்ளே இருக்கட்டும். அடுத்த ஆண்டு திறக்கும்போது ரிப்பன் பூ நசுங்கியிருந்தால், கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் ஒரு நொடி காட்டி விரலால் விரித்துவிட்டால் சரியாகும். கிரேப் பூவுக்கு இந்த வைத்தியம் ஆகாது, சாயம் இறங்கிவிடும். இதழை விரலால் நீவி நிமிர்த்திப் பாருங்கள், நிமிரவில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம்.