கொடையும் நஞ்சும் ஒரே சொல்லில்

'கிப்ட்' என்றதும் நமக்குப் பெருநாளும், பரிசளிப்பு விழாவும், வண்ணத்தாள் சுற்றிய பெட்டியும் நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலிருந்து வந்து நமது பேச்சோடு கலந்துவிட்ட சொல் அது. ஆனால் ஜேர்மனியில் ஒரு போத்தலின் மீது அதே எழுத்துக்களைக் கண்டால் விலகி நிற்பதே நல்லது. அங்கே அதன் பொருள் நஞ்சு! சுவீடன் நாட்டில் ஒருவர் தம்மை அதே சொல்லால் குறிப்பிட்டால், அவர் தமக்குத் திருமணமாகிவிட்டது என்கிறார். ஒரே சொல் எப்படி இவ்வாறு மூன்று திசைகளில் சென்றது?

சொல்லின் வேர்

ஆங்கிலம், ஜேர்மன், ஒல்லாந்து, சுவீடிஷ், டேனிஷ், நோர்வீஜியன் ஆகியவை ஜேர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழும் மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் திராவிடக் குடும்பமாக இருப்பதைப் போன்றதே இதுவும். 'கொடு' என்னும் பொருளுடைய வினை இம்மொழிகளில் பொதுவாக உண்டு. ஆங்கிலத்தில் 'கிவ்', ஜேர்மனில் 'கேபன்'. தமிழில் 'கொடு' என்னும் வினையடி 'ஐ' விகுதி பெற்றுக் 'கொடை' ஆவது போல, அந்த வினையோடு 'ட்' என்னும் ஈறு சேர்ந்து 'கிப்ட்' பிறந்தது. எனவே இச்சொல்லின் முதற்பொருள் 'கொடுத்தல்' என்பதே. இன்றைய நிலை வருமாறு:

ஆங்கிலம் – அன்பளிப்பு. பிறவியில் அமைந்த திறமை.
ஒல்லாந்து – நன்கொடை. ஈற்று 'ட்' நீங்கினால் நஞ்சு. முதலெழுத்து, குர்ஆன் ஓதும்போது தொண்டையிலிருந்து எழும் 'ஃகா' ஒலியை ஒத்தது.
ஜேர்மன் – நஞ்சு.
சுவீடிஷ், டேனிஷ், நோர்வீஜியன் – பெயர்ச்சொல்லாக வந்தால் நஞ்சு. பெயரடையாக வந்தால் திருமணமான.

நஞ்சு ஆனது எவ்வாறு?

இதற்கு விடை கிரேக்க மொழியில் உள்ளது. நாம் மருந்துக்குச் சொல்லும் 'டோஸ்' என்பது 'டோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதன் பொருளும் 'கொடுத்தல்' என்பதே. வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவு அது. இச்சொல் இலத்தீனுக்குச் சென்றபோது, அதைப் பின்பற்றி ஜேர்மானியரும் தமது 'கிப்ட்' என்னும் சொல்லை ஒருவருக்குக் கொடுக்கப்படும் மருந்துக்கும் நஞ்சுக்கும் வழங்கினர். நஞ்சு என்று நேரே சொல்ல நா கூசியதும் ஒரு காரணம் எனலாம்.

இது நமக்குப் புதிதன்று. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் கூறுவதை மங்கல வழக்கு என இலக்கணத்தில் படிக்கிறோம். பூச்சிகளைக் கொல்லும் நஞ்சை வயலுக்குத் தெளிப்பதையும் 'மருந்து அடித்தல்' என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் நஞ்சைக் குறிக்கும் 'பொய்சன்' என்ற சொல்லும் 'பானம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. மூடிமறைக்கச் சொன்ன சொல் நாளடைவில் அந்தப் பொருளையே தனக்குரியதாக்கிக்கொள்கிறது. ஜேர்மனில் பழைய பொருள் முற்றாக மங்கி, அன்பளிப்புக்கு 'கெஷெங்க்' என்ற வேறு சொல் நிலைபெற்றது.

திருமணம் ஆனது எவ்வாறு?

பெண்ணைக் 'கொடுத்தல்' என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. 'பெண் கொடுத்த இடம்' என்று நம் ஊரிலும் சொல்வார்கள் அல்லவா? சுவீடிஷ் மொழியில் 'கொடுக்கப்பட்டவள்' என்ற கருத்தில் தோன்றிய சொல், இன்று ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவாகிவிட்டது. கருத்து மாறிய பின்னும் சொல் பழைய வழக்கத்தைச் சுமந்து நிற்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணமகன் தரப்பு மணப்பெண்ணுக்காகக் கொடுத்த பொருளைக் குறித்தது. பன்மையில் திருமணத்தைக் குறித்தது. அப்போது அதை 'யிப்ட்' என ஒலித்தனர். இன்றைய 'கி' ஒலியும் அன்பளிப்பு என்ற பொருளும், இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங் மக்களின் பழைய நோர்ஸ் மொழிச் செல்வாக்கால் நிலைபெற்றவை. ஜேர்மனிலோ, பழைய 'கொடுத்தல்' பொருள் 'மிட்கிப்ட்' என்ற சொல்லில் மட்டும் எஞ்சியுள்ளது. 'உடன் கொடுப்பது' என்பது அதன் நேர்ப்பொருள். பெண்ணோடு சேர்த்து அனுப்பப்படும் சீதனம் என்பது வழக்குப் பொருள்.

சிந்திக்க ஒன்று

ஒரே வேர்ச்சொல், ஓரிடத்தில் பெண்ணுக்காகக் கொடுப்பதையும் மற்றோரிடத்தில் பெண் வீட்டார் கொடுப்பதையும் குறித்தது. நம் சமூகத்திலும் இவ்விரண்டு திசைகளுக்கும் சொற்கள் உள்ளன. மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது மஹர். பெண் வீட்டாரிடமிருந்து மணமகன் தரப்பு பெறுவது கைக்கூலி. மஹர் பெண்ணின் உரிமை. கைக்கூலியோ எத்தனையோ தந்தையரைக் கடனாளியாக்கியிருக்கிறது. அக்காமாரின் திருமணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது. 'அன்பளிப்பு' என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் அதன் தன்மை மாறுவதில்லை. மங்கல வழக்கு நஞ்சின் பெயரை மாற்றுமே தவிர நஞ்சை மாற்றாது.

ஆகவே தோழியரே, அகராதியைப் புரட்டும்போது ஒரு சொல்லின் பொருளோடு நின்றுவிடாமல் அதன் வேரையும் தேடிப் பாருங்கள். விரும்பிக் கொடுத்தால் கொடை. வற்புறுத்திப் பெற்றால் நஞ்சு. இந்த வேறுபாட்டைச் சொல் நமக்குச் சொல்லித் தராது. நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.